சுத்தமான கன்னம்

ஈப்போ புந்தோங்கில் கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் கன்னத்தில் விரல் தடத்தோடு மணவறைக்குப் போகவேண்டிய பெண் என்றால் பெட்ரீசியாவிடம்தான் கூட்டிவருவார்கள். சிவப்பை அமுக்க முதலில் பச்சைக் களிம்பு, அதன்மேல் தோல் நிறம், கடைசியில் பவுடர். அப்பன் அடித்தானா அண்ணன் அடித்தானா என்று அதற்குப் பிறகு எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கைவண்ணத்தில் அவளுக்கு இருபது வருஷப் பெருமை இருந்தது.

இந்தப் பெருமையைக் கேள்விப்பட்டுத்தான் டைரக்டர் ரூபன் தன் படத்துக்கு அவளை அழைத்தான். சுங்காய் பக்கம் ஆட்கள் எல்லாரும் வெளியேறிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில், இடிந்தது போக மிச்சம் நின்ற தொழிலாளர் லயத்து வீடுகளில் பதினெட்டு நாள் படப்பிடிப்பு. கதாநாயகி அமையவில்லை என்று அவன் தலையைச் சொறிந்தபோது ஷாமினியின் பெயரைச் சொன்னவளும் பெட்ரீசியாதான். சிலிம் ரிவர் ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு மேக்கப் போட்டதில் பழக்கம். தாய் புஷ்பலதாவுக்கு மனமே இல்லை.

"நீங்க கூடவே இருப்பீங்கன்னா அனுப்புறேன்" என்றாள்.

"நான் பாத்துக்கிறேன்லா. என் மக மாதிரி" என்று பெட்ரீசியா வாக்குக் கொடுத்தாள்.

கதை ஒன்றும் உலக அதிசயமில்லை. தொழிற்சாலையில் வேலை முடிந்து தாமதமாக வருகிறாள் நாயகி. அவள் பின்னால் ஆறு மாதமாகச் சுற்றும் நாயகன் லயத்து ஜனங்கள் பார்க்க அவளை ஓர் அறை அறைகிறான். அவளுக்குப் புத்தி வந்துவிடுகிறது. புத்தி வந்ததும் காதல் வந்துவிடுகிறது, காதல் வந்ததும் பாட்டு. இதை எழுத ரூபனுக்கு இரண்டு வருஷம் பிடித்ததாம்.

ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நாயகன் தர்மாவின் கை காற்றில் போகும், ஷாமினி தலையைத் திருப்புவாள், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். கேமரா ஓடத் தொடங்குமுன் ரூபன் தர்மாவின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னான். தர்மா கொஞ்சம் தயங்கியதைப் பெட்ரீசியா பார்த்தாள். அடுத்த நிமிஷம் விழுந்தது நிஜ அறை.

ஷாமினி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ரூபன் கைதட்டினான். "பாருங்க, இதான் வேணும்! முகத்துல ஒரிஜினல் அதிர்ச்சி!" ஆனால் பின்னால் நின்ற யாரோ கேமராவைப் பார்த்துவிட்டானாம். மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார்கள்.

பெட்ரீசியா ஓடிப்போய் ஐஸ் பெட்டியில் கிடந்த குளிர்பான டின்னை எடுத்து அந்தக் கன்னத்தில் ஒத்தினாள். பச்சை பூசினாள், தோல் நிறம் பூசினாள், பவுடர் ஒற்றினாள். பிறகு கைப்பேசியில் முகத்தைப் படமெடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். ஒவ்வொரு தடவையும் முகம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க அப்படி ஒரு வழக்கம், மேக்கப் போடுகிறவளின் வேலை அது.

இப்படி ஏழு தடவை. ஐந்தாவது அறைக்குப் பிறகு ஷாமினி மெல்லச் சொன்னாள், "அக்கா, இடது காதுல கொய்ங்னு சத்தம். நிக்கவே மாட்டேங்குது."

பெட்ரீசியா நேரே ரூபனிடம் போனாள். "தம்பி, புள்ளைக்குக் காது வலிக்குது. கைய நிறுத்தச் சொல்லு."

"அலாமாக், அக்கா! இப்பதான் நெஜமா அழுவுறா. இன்னும் ஒன்னே ஒன்னு. வெளிச்சம் போகுதுலா, சீக்கிரம் டச்-அப் பண்ணிக் குடுங்க."

அந்த இடத்தில் அவள் பையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். முகத்தில் தடம் தெரிந்தால் கேமரா ஓடாது, படப்பிடிப்பு தானாக நின்றிருக்கும். பாவி மனுஷிக்கு அது தோன்றவில்லை. சீக்கிரம் பூசினால் சீக்கிரம் முடியும், பிள்ளை சீக்கிரம் வீட்டுக்குப் போகும் என்றுதான் தோன்றியது. முன்னைவிடக் கவனமாகப் பூசினாள். இன்னும் இரண்டு அறை விழுந்தது.

செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர், எதனால் என்று சீட்டில் எழுதவில்லை. ஓட்டை மூட மாதக்கணக்கானது, கேட்கும் திறன் திரும்பவில்லை. புஷ்பலதா பெட்ரீசியாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க கூடத்தான இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஷாமினியைக் கூட்டிக்கொண்டு பெட்ரீசியா கலைஞர்கள் சங்கத்துக்குப் போனாள். தலைவர் சவரிநாதன் நல்ல மனுஷன், அவள் போகும் தேவாலயத்துக்காரர்தான். எல்லாரையும் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். தர்மா கடைசிவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரூபன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பாருங்கண்ணே. ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் அக்காவே எடுத்த படம். நேரம்கூட இருக்கு. ஏழு அறை வாங்கின கன்னமா இது?"

ஏழு படம். ஏழிலும் ஷாமினியின் கன்னம் மாசுமருவில்லாமல் சுத்தமாக இருந்தது. பெட்ரீசியா தன் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக எந்த முகத்துக்கும் போட்டதில்லை.

"நான் மறைச்சேன்ணே! பச்சை பூசினா செவப்பு தெரியாது. அதான் என் வேலையே!"

"அப்ப படத்துல அடிக்கிறது?" என்று சவரிநாதன் ரூபனைக் கேட்டார்.

"நடிப்புண்ணே. படத்துல கொலகூடப் பண்றோம், அதுக்கும் போலீஸ்ல ரிப்போட் குடுப்பாங்களா?"

சவரிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்கள நம்புறேன் பெட்ரீசியா. ஆனா ஒன்னு கேக்குறேன். அடி விழுறது தெரிஞ்சும் எதுக்கு ஏழு தடவ பூசிவிட்டீங்க?"

பக்கத்தில் ஷாமினி வலது காதை அவர்கள் பக்கம் சாய்த்துக்கொண்டு, பெரியவர் என்ன சொன்னார் என்று பெட்ரீசியாவின் முகத்தைப் பார்த்தாள். பெட்ரீசியாவுக்குத் தன் கைகளையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

புகார் அத்தோடு நின்றது, படம் வெளியானது. ஒப்பந்தத்தில் இருந்ததால் ஷாமினி ஈப்போ திரையரங்குக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது. பாரிட் புந்தாரிலிருந்து சொந்தக்காரர்கள் வாடகைக் காடி பிடித்து வந்திருந்தார்கள். வாக்குக் கொடுத்த பாவத்துக்குப் பெட்ரீசியா அவளுடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அறை விழுந்தது. அரங்கமே விசிலடித்தது. ஆண்கள் மட்டுமென்றால் மனம் ஆறியிருக்கும். முன்வரிசையில் ஒரு பெண், "நல்லா வேணும்! இன்னொன்னு போடு மச்சான்!" என்று கூவினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இத்தனை பேர் கண்ணெதிரே நடக்கிறது, ஒருத்தராவது பார்த்தார்களா? பெட்ரீசியா ஷாமினியின் கையைப் பிடித்தாள்.

வெளியே கூட்டம் மொய்த்தது. ஓர் இளம்பெண் ஷாமினியின் இடது பக்கம் வந்து, "அக்கா, ஒரு செல்ஃபி" என்றாள். ஷாமினி திரும்பவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். "ஒரு படம்தான் நடிச்சிருக்கா, அதுக்குள்ள எவ்ளோ திமிரு பாரு."

"அவளுக்கு அந்தக் காது கேக்காதுமா" என்றாள் பெட்ரீசியா. "அந்த அறைலதான் போச்சு."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "ஆமாலா, அடி அப்படியே ஒரிஜினல் மாதிரி இருந்துச்சு!"

சிரிப்பைக் கண்டுதான் ஷாமினி திரும்பினாள். கைப்பேசிகள் உயர்ந்திருந்தன. இருட்டில் அழுதிருப்பாள் போல, இடது கன்னத்துப் பவுடரில் ஒரு கோடு இறங்கியிருந்தது. அவள் பெட்ரீசியாவைப் பார்த்து, "அக்கா, மொகம் சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

பெட்ரீசியா பையைத் திறந்தாள். கை தானாகவே பஞ்சை எடுத்தது. கோட்டைத் துடைத்து, பவுடரை ஒற்றி, ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றாள்.

படம் எடுத்துக்கொண்டார்கள்.