வலது மட்கார்டு

அந்த ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, பல் டாக்டர் வீட்டின் பின்பக்க ஷெட்டுக்குள் அவருடைய மனைவியின் அண்ணன் நடந்து வந்தார். அவர் இறந்து முப்பத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. சைக்கிள் சங்கிலியில் மாட்டாமல் இருக்க, பேன்ட்டின் வலது காலை மடித்துவிட்டிருந்தார். ஷெட்டில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார், சுவரோரம் வளைந்து நெளிந்து நின்ற சைக்கிளைப் பார்த்தார். "என் சைக்கிளை யாரு இப்படிப் பண்ணது?" என்று கேட்டார். டாக்டரின் கையிலிருந்த உப்புத்தாள் நழுவி விழுந்தது. ஒடுக்கு எடுக்கும் டிங்கர் வேலைக்காரர் பெயின்ட் டப்பா மேல் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தார்.  "பாப்பா எங்க?" என்றார் அண்ணன். நரைத்த தலையோடு நின்ற டாக்டரின் மனைவி, "நான்தான் அண்ணா" என்றாள். "பொய் சொல்லாதீங்கம்மா" என்றார் அவர், பெரியவர்களிடம் பேசும் மரியாதையோடு. அவர் இறந்த நாள் காலையில் அவருடைய பேனாவை எடுத்து ஒளித்து வைத்ததையும், அதற்கு அவர் கத்திவிட்டுப் போனதையும் அவள் சொன்னாள். அவர் அவளை நீண்ட நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அப்ப அந்தப் பேனாவைக் குடு" என்றார்.

டாக்டருக்கு, ஷெட்டில் அவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பழைய பிக்கப் வண்டி ஒரு பொழுதுபோக்கு. பழைய இரும்புக் கடையில், உடைந்த குளியல்தொட்டிகளுக்கு நடுவே சக்கரமில்லாமல் வயிற்றில் படுத்துக் கிடந்ததை வாங்கி வந்தார். அதைத் தயாரித்த கம்பெனி எப்போதோ மூடியிருந்தது. பின்தொட்டியின் பலகை உளுத்திருந்தது, எஞ்சின் துருவேறி இறுகியிருந்தது, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. அது யார் யார் கை மாறி வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. "வயசான காலத்துல எல்லாரும் நிலம் வாங்குவாங்க, இவர் துரு வாங்கிட்டு வந்திருக்கார்" என்றாள் மனைவி. கிளினிக்கில் நோயாளிகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவள் வேலை. டாக்டர் வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கொண்டு கார்புரேட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார், பல் சுரண்டும் கொக்கியால் நட்டுகளின் துருவைச் சுரண்டினார். சில மாதங்களில் காத்திருக்கும் அறை வரை கிரீஸ் வாசனை வந்தது. "கை கழுவிட்டீங்கதானே டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் வாயைத் திறந்தார்கள்.

எஞ்சின் முடிந்ததும் உடம்புக்கு வந்தார். வண்டியில் பெரிதாக மூன்று ஒடுக்குகள் இருந்தன. முதலில் பின்கதவு. உட்புறம் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார். அன்று மதியம், யார் நினைவிலும் சாய்ந்தே நின்ற தெருமுனை விளக்குக் கம்பம் நேராக நின்றது. மின்சார ஊழியர் வந்து பார்த்து, தானே சரிசெய்ததாக எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் இடது கதவின் ஒடுக்கை எடுத்தார். பேக்கரிக்காரரின் நாய், அவர் கல்யாணத்துக்கு முன்பே அடிபட்டுச் செத்தது, கடை வாசலில் வந்து படுத்துக்கொண்டது. பேக்கரிக்காரர் அலறினார், பிறகு ரொட்டி போட்டார். அதற்கப்புறம் தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது: அந்த வண்டியின் ஒடுக்கை நிமிர்த்தினால், ஒடுக்கு விழக் காரணமான சம்பவமும் நிமிர்ந்துவிடுகிறது. எலெக்ட்ரீஷியன் தன் நசுங்கிய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து கெஞ்சினார். டாக்டர் தட்டிக் கொடுத்தார். ஸ்கூட்டர் மட்டும் நிமிர்ந்தது, விபத்தில் போன அவருடைய முன்பற்கள் வரவில்லை. டாக்டர் அவற்றை வழக்கம்போல் கட்டிக் கொடுத்தார்.

மிச்சமிருந்தது வலது முன் மட்கார்டு. அதில்தான் ஆழமான ஒடுக்கு. டாக்டர் உப்புத்தாள் போட்டுப் பெயின்டைத் தேய்த்தபோது வெள்ளைக்குக் கீழே நீலம் வந்தது, நீலத்துக்குக் கீழே பச்சை வந்தது. தேநீர் கொண்டுவந்த மனைவி அந்தப் பச்சையைப் பார்த்ததும் தம்ளரைப் பானட்டின் மேல் வைத்தாள். ஷெட்டின் மூலைக்குப் போய், சாக்குகளுக்குப் பின்னாலிருந்து தன் அண்ணனின் சைக்கிளை இழுத்து வந்தாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் விடாமல் மணியடித்துப் போகும் அண்ணன், இருபத்து நான்கு வயதில், அச்சகத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டுச் செத்தார். அடித்த வண்டி நிற்கவில்லை, அகப்படவும் இல்லை. நெளிந்த சைக்கிளை அவள் அப்பா ரிப்பேருக்கும் விடவில்லை, தூக்கிப் போடவும் விடவில்லை, அவருக்குப் பிறகு அது அவளிடம் வந்தது. அதன் பின்பக்கம் ஒரு பச்சைக் கீறல் உண்டு. அவள் சைக்கிளை மட்கார்டின் மேல் சாய்த்தாள். அச்செடுத்த பல் அச்சுக்குள் உட்காருவதுபோல் அது ஒடுக்குக்குள் உட்கார்ந்தது. இத்தனை மாதமும் அண்ணனைக் கொன்ற வண்டிக்குப் பக்கத்தில்தான் தினமும் தேநீரை வைத்துவிட்டுப் போயிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கை சிவக்கும்வரை பானட்டை அறைந்தாள். பிறகு, "என்னங்க, இதை எடுங்க. எப்படியாவது எடுங்க" என்றாள்.

டாக்டர் ஒரு வாரம் தட்டினார். பாதிக்கு மேல் வரவில்லை. டிங்கர் வேலைக்காரரை அழைத்தார். அவர் விரலால் தடவிப் பார்த்து, "தகரம் இழுத்துப்போச்சு டாக்டர். இன்னும் அடிச்சா கிழியும். மீதிக்குப் பட்டி போட்டு மூடிடலாம், ஊர்ல பாதி வண்டி அப்படித்தான் ஓடுது" என்றார். பள்ளத்தைக் கண்டால் அடைப்பது டாக்டருக்குத் தொழில். சரி என்றார். பட்டி காய்ந்தது, தேய்த்தார்கள், கையால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அண்ணன் உள்ளே வந்தார். விளக்குக் கம்பம் நிமிர்ந்தது போல் சைக்கிள் நிமிரவில்லை. அது ஏன் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

அதிர்ச்சி தெரு முழுக்கப் பரவிப் பல நாள் நின்றது. சின்ன வயதில் அவரோடு பந்தாடியவர்கள் வழுக்கைத் தலையோடு வந்து, அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். டாக்டரின் மகள் வெளியூரிலிருந்து ஓடி வந்தாள். "மாமான்னு கூப்பிடணுமா? என்னைவிட ரெண்டு வயசு சின்னவன்மா" என்றாள். அவர் டாக்டரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார், டாக்டரோ மகன் வயதுக்காரரை மச்சான் என்று கூப்பிட்டார். மனைவி அண்ணனை அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கும் போனாள். "செத்தவரே வந்து புகார் குடுத்தா எந்த செக்‌ஷன்ல போடறதும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். பழைய வழக்கு அன்றோடு மூடப்பட்டது.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்த அண்ணன், "மாப்பிள்ளை, இது என்ன?" என்று வலது விலாவைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறம். தொட்டால் அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் விரலால் தட்டிப் பார்த்தார். மற்ற இடத்தில் மனித உடம்பின் சத்தம் வந்தது, அங்கே மட்டும் டொக்கென்றது. மட்கார்டில் பட்டி போட்ட இடத்தைத் தட்டினால் வரும் சத்தம். வெயில் காலத்தில் ஷெட்டுக் கூரை காய்ந்தது, பட்டி சுருங்கி மயிரிழை அளவு விரிசல் விட்டது. அண்ணனின் விலாவிலும் அதே விரிசல் வந்தது. ரத்தம் வரவில்லை. தங்கை காதை வைத்துக் கேட்டாள். உள்ளே சாலையின் இரைச்சல், தூரத்தில் ஒரு சைக்கிள் மணி, பிறகு அதுவும் நின்றுவிட்டது.  அண்ணனிடம் ஒன்றும் இல்லை என்றாள். அவரும் அதைக் கேட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

உள்ளே சொத்தையை விட்டுவிட்டு மேலே அடைத்த பல் என்ன செய்யும் என்று டாக்டர் ஆயிரம் வாயில் பார்த்திருக்கிறார். பட்டி உதிர்ந்தால் ஒடுக்கு திரும்பத் தெரியும், ஒடுக்கு தெரிந்தால் மச்சான் இல்லை. வண்டி அதிர்ந்தால் சீக்கிரமே உதிரும். மனைவி மெத்தைகளைக் கொண்டுபோய் வண்டியைச் சுற்றி அடுக்கினாள். எஞ்சினைத் தொடக்கூடாது என்றாள், ஷெட் பக்கம் தும்மக்கூடாது என்றாள். தெருக்காரர்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது மெதுவாக நடந்தார்கள். அண்ணன்தான் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் பேசினார். "என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பொத்திப் பொத்தி வெச்சிருக்கப் போறியா பாப்பா? பட்டியைச் சுரண்டி எடுத்துட்டு ஒழுங்கா அடிக்கச் சொல்லு."

"சுரண்டினா நீ இருக்க மாட்ட."

"தெரியும். அடிச்சு முடிச்சதும் வர்றேன்."

"தகரம் கிழிஞ்சா?"

"அன்னிக்கு என்னைக் கேட்டுட்டா அடிச்சான்? இன்னிக்கு என்னைக் கேட்டுட்டுதானே அடிக்கப் போறீங்க."

 மூன்றாம் நாள் அவள் மெத்தைகளைத் தானே எடுத்து வெயிலில் போட்டாள்.

கிளினிக் விடுமுறை நாளில் வேலை தொடங்கியது. அண்ணனும் தங்கையும் ஷெட்டுக்குள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் தன் கொக்கியால் பட்டியைச் சுரண்டினார். கடைசிச் செதில் உதிர்ந்ததும் பெஞ்சில் சட்டை மட்டும் கிடந்தது. அவள் கத்தவில்லை. பிடித்திருந்த கையைப் பிடித்திருந்த வாக்கிலேயே வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. டிங்கர் தகரத்தைச் சூடுகாட்டினார், டாக்டர் தட்டினார். ஒடுக்கு மெல்ல மெல்ல மேலே வந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்ற இடத்தில் தகரம் கிழிந்தது.  கிழிசலை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார்கள். ஆறியதும் விட்டுக்கொண்டு கீழே விழுந்தது. இன்னொன்று வைத்தார்கள், அதுவும் விழுந்தது. டிங்கர் கண்ணாடியைக் கழற்றி, "அவ்வளவுதான் டாக்டர்" என்றார். டாக்டரால் மனைவியின் பக்கம் திரும்ப முடியவில்லை. அவள் மூடிய கையைப் பிரிக்காமல், தாடையால் சுவரோரத்தைக் காட்டினாள். "அவன் சைக்கிள்ல மட்கார்டு இருக்கு. அது அந்த வண்டியைப் பார்த்த தகரம்தானே. அதை வைங்க."

வெட்டினார்கள், தட்டித் தட்டையாக்கினார்கள், பொருத்திச் சுற்றிலும் வெல்டிங் ஓட்டினார்கள். ஆறியது, விழவில்லை. அரத்தால் தேய்த்தார்கள். பட்டி போடவில்லை. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். மனைவியின் மூடிய கை உள்ளிருந்து மெல்ல அகன்றது, பெஞ்சில் கிடந்த சட்டை உப்பியது. "விடு பாப்பா, கை வலிக்குது" என்றார் அண்ணன். சுவரோரம் சைக்கிள் ஒரு முனகலோடு நிமிர்ந்து, தன் இரண்டு சக்கரங்களில் நின்றது. அப்போதுதான் அவளுக்கு அழ வந்தது.

அதன் பிறகு அண்ணனுக்கு எல்லோரையும் போல வயது ஏறியது. அச்சகம் மூடிவிட்டதால், அவர் அந்தப் பிக்கப்பையே ஓட்டிக் கட்டில் பீரோ ஏற்றி இறக்கிப் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் ஓட்டுவார். திருப்பங்களுக்கு முன்னால் வண்டியிலிருந்து சைக்கிள் மணி கேட்கும். சோதனைக்கு வந்த அதிகாரி பானட்டைத் திறந்து, சீட்டைத் தூக்கி, எங்கும் மணியைக் காணாமல், ஹார்ன் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்தார். ஒட்டுப்போட்ட இடம் மட்டும் மழைக்காலத்தில் லேசாகத் துருப்பிடிக்கும். அப்போது டாக்டர் மட்கார்டைத் துடைத்து எண்ணெய் விடுவார். அண்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், தங்கை அதே டப்பாவிலிருந்து எண்ணெய் எடுத்து அவர் விலாவில் தடவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பப் போவாள்.