தொடைப்பைக்குள் டைட்டானியம்

தொழிற்சாலையில் எல்லோரும் அவனை மின்மினி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பெயின்ட் கரைக்கிற தின்னர் தொட்டிக்குள் இறங்கி அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டுகிறவனுக்கு டைட்டானியம் டார்ச் எதற்கு என்று கேட்காத வாய் அங்கே இல்லை.

“பொண்டாட்டி கழுத்துல போட வேண்டியத பையில போட்டுக்கிட்டு அலையிறியேய்யா” என்பார் வாசல்காரர். தொட்டி வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்குகிறவர்களின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நோட்டில் எழுதுவது அவர் வேலை.

மின்மினி சிரித்துக்கொள்வான். வருடத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ டார்ச் மட்டும் லேத்தில் கடைந்து தருகிற ஒருவனிடம் சொல்லிவைத்து, ஏழு மாதம் காத்திருந்து வாங்கியது அது. நடுவிரல் நீளம். தீயில் வாட்டி ஊதாவும் நீலமுமாக நிறம் ஏற்றிய உடம்பு. சூடேறினால் தானாக மங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டாம், வெளிச்சம் முழுசாக நிற்கணும் என்று தனியாகக் கேட்டு அதையும் எடுக்கச் சொல்லியிருந்தான். கையில் எடுத்தால் வயிற்றுக்குள் என்னவோ குளிரும். நாள் முழுக்க அடுத்தவன் கழிவை வழிக்கிற கைக்கு அப்படி ஒரு பொருள் கிடைத்தால் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் தொட்டிக்குள் அது போகக் கூடாது. பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்த மஞ்சள் பிளாஸ்டிக் விளக்கைக் கம்பெனியே கொடுக்கும். அது மட்டும்தான் உள்ளே. போன வாரம் உடை மாற்றும் அறையில் இரண்டு பெட்டிகளின் பூட்டை யாரோ உடைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு டார்ச்சை வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அன்று காலையும் அதன் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினான். பழைய அலுமினிய டார்ச்சில் அப்படிச் செய்தால் மின்சாரம் அறுந்துவிடும், பொத்தான் அழுந்தினாலும் எரியாது. பத்து வருடக் கைப்பழக்கம். தளர்த்தித் தொடைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

கூட இறங்கியவன் மனைவியின் தம்பி. மைத்துனனை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் மின்மினிதான்.

“மாமா, இந்தப் பக்கம் மாவு ஒட்டிக் காஞ்ச தோசைக்கல்லு மாதிரி இருக்கு. பேத்தா பாளமா வரும்” என்றான் மைத்துனன், முகமூடிக்குள்ளிருந்து.

“பேரு, பேரு. பேசியே கசடக் கரைச்சிருவ போல.”

கசடைப் பெயர்த்தால் அடியில் அடைபட்ட ஆவி கிளம்பும். மைத்துனன் மார்பில் மாட்டியிருந்த வாயுமானியில் மூன்று, நான்கு என்று எண் ஏறியது. பத்தைத் தொட்டால் அது கத்தும். கத்தினால் ஏறிவிட வேண்டும்.

மின்மினிக்கு வலது தொடை சுட்டது. குனிந்து பார்த்தான். தடித்த துணிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அலுமினிய டார்ச்சின் திருகுமரைமேல் இருக்கும் பூச்சு மின்சாரத்தை மறிக்கும். டைட்டானியத்தில் அந்தப் பூச்சு கிடையாது. மரை வழியாகவே ஓடும். கால் சுற்று எதற்கும் காணாது. ஏணியில் இறங்கும்போது பொத்தான் அழுந்தியிருக்கிறது. அணைக்கவும் முடியாது. பொத்தானை அமுக்கினாலும் மூடியைக் கழற்றினாலும் உள்ளே ஒரு சின்னப் பொறி தட்டும். இந்த ஆவிக்கு அது போதும். விட்டுவைத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். தின்னர் நனைந்த துணி.

“மாப்ள, வயித்த என்னமோ பண்ணுது. மேல போயிட்டு வந்துர்றேன்” என்றான்.

“காலைல மூணு தட்டு உள்ள தள்ளினா அப்படித்தான் பண்ணும். போ, போ” என்று சிரித்துவிட்டு மைத்துனன் சுரண்டியை மறுபடி பாளத்துக்கு அடியில் கொடுத்தான். ஆறு. ஏழு.

மின்மினி ஏணியின் முதல் படியில் கையை வைத்தான். பின்னால் சுரண்டி தொட்டியின் அடியை உரசியது. கை மேலே போகவில்லை.

“சுரண்டாத! நிறுத்துடா!”

“என்ன மாமா?”

“என் டார்ச்சு பையில எரியுது. அணைக்க முடியாது.”

மைத்துனன் சுரண்டியைக் கீழே போடவில்லை. போட்டால் பொறி தெறிக்கும் என்று அந்த நேரத்திலும் தெரிந்திருந்தது அவனுக்கு. குழந்தையைக் கிடத்துவதுபோல் அதைக் கசடின்மேல் வைத்தான். வாயுமானி கத்தத் தொடங்கியது.

“ஏறு. நீ முதல்ல ஏறு. அத வெளிய கொண்டு போ.”

வலது முட்டியை மடக்கினால் பொத்தான் மறுபடி அழுந்தும். காலைக் கட்டைபோல் நீட்டிக்கொண்டு, கைகளாலும் இடது காலாலும் ஏறினான். பத்தொன்பது படி. பன்னிரண்டாவது படியில் தோல் வேகிற வலி வந்தது. கத்தவில்லை.

தொட்டி வாய் வழியாக வெளியே விழுந்து, கயிற்றை உருவிப் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே காற்று வருகிற திசைக்கு ஓடி, மதில் ஓரத்தில்தான் அதை வெளியே எடுத்தான். கையுறை தீய்ந்தது. மூடியை முழுதாகக் கழற்றினான். வெளிச்சம் போனது. ஊதா நிறத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கவனித்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது.

திரும்பி வந்தபோது மைத்துனனும் மேலே ஏறி வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

“மாப்ள...”

“டார்ச்ச விடு. எல்லாருக்கும் ஒரு கிறுக்கு இருக்கும். வயித்துவலின்னு சொன்னியே, அது எதுக்கு?”

மின்மினி தீய்ந்த கையுறையைக் கழற்றினான்.

“நான் பாட்டுக்குக் கீழ சுரண்டிக்கிட்டே இருந்திருப்பேன் மாமா. உனக்கு அது தெரியும்.”

வாசல்காரர் நோட்டைப் பிரித்துப் பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். “என்னப்பா ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி? வாயு ஏறிருச்சா? அப்படியே எழுதிக்கட்டுமா?”

அப்படியே எழுதினால் எல்லாம் அதோடு முடிந்துவிடும். மைத்துனன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுக்க மாட்டான், அது மின்மினிக்குத் தெரிந்தது.

“என் டார்ச்ச உள்ள கொண்டு போயிட்டேன். எரிஞ்சிருச்சு. அத எழுதுங்க.”

வாசல்காரர் சிரிக்க வாய் திறந்தார். கருகிய தொடைப்பை கண்ணில் பட்டதும் வாய் அப்படியே நின்றது. “யோவ், இத எழுதினா தொட்டி இறங்குற உன் பாஸ் போயிரும். இனிமே எந்தத் தொட்டியிலும் உன்ன இறக்க மாட்டாங்க.”

“தெரியும். எழுதுங்க.”

பேனா நகரும் சத்தம் கேட்டது. மின்மினி மைத்துனனைப் பார்த்தான். அவன் எழுந்து, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, சுருட்டி வாசல்காரர் காலடியில் வைத்தான்.

“வாயு அடங்கினதும் என்கூட இறங்க வேற ஆள் போடுங்க” என்று அவரிடம் சொன்னான்.