முள் சொன்ன சாட்சி

சலவைக் கடைக்காரிக்கு மனிதர்களைவிடச் சுவரில் இருந்த முள்ளின்மேல் நம்பிக்கை அதிகம். மோட்டார் மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்த முள் அது. போர்வெல் குழாய்க்குள் ஒரு மிதவை, அதிலிருந்து மேலே வரும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் முள். உள்ளே தண்ணீர் ஏறினால் முள் ஏறும், இறங்கினால் இறங்கும்.

இத்தனை ஏற்பாடும் மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்கடை வைத்திருந்த தங்கையை நம்பித்தான், அதாவது நம்பாமல்தான். அங்கேயும் ஒரு போர் உண்டு. துளை இரண்டானாலும் அடியில் ஊற்று ஒன்று. கோடையில் விடியற்காலை அக்கா தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும், பொழுது சாய்ந்ததும் தங்கை எடுத்துக்கொள்ள வேண்டும், நடுவில் ஊற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பேச்சு.

ஆனால் வெயில் பளிச்சென்று அடிக்கும் நாட்களில், காலை ஏற ஏற, முள் இரண்டு விரற்கடை இறங்கியது. மழை கட்டிக்கொண்டு வந்தால் தானாக ஏறியது. வெயிலில் செடி வாடும், தங்கை கள்ளத்தனமாக மோட்டார் போடுகிறாள். மேகம் போட்டால் அவளுக்குத் தேவையில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

ஒருநாள் சலவைத் துணி வாங்க வந்தவர்கள் நிற்கும்போதே அக்கா மதிலோரம் போய்க் கத்தினாள்.

"திருடி! கூடப் பொறந்தவகிட்டயே திருடுறியே, வெக்கமா இல்ல?"

தங்கை கையில் மண்ணோடு எழுந்து நின்றாள். "அக்கா, சத்தியமா நான் மோட்டாரைத் தொடல."

"முள்ளு பொய் சொல்லுமா?"

தங்கை வந்த விலைக்குச் செடிகளைத் தள்ளிவிட்டு, மோட்டாரைக் கழற்றி, போரை மூடிவிட்டு, ஊரின் மறுகோடிக்குக் குடிபோனாள். போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இனி நம் ராஜ்யம் என்றிருந்தாள் அக்கா. மறுவாரம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்த ஒரு காலையில், முள் இரண்டு விரற்கடை இறங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் உடைந்த பூந்தொட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினாள்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "காத்துக்கும் எடை இருக்குக்கா. வானம் வெளுத்தா காத்து அழுத்தம் கூடி, குழாய்ல இருக்குற தண்ணிய அமுக்கும். மழை வரப்போவுதுன்னா அழுத்தம் கொறையும், தண்ணி எழும்பும். மழை இல்லாட்டியும் தெனம் காலைல கொஞ்சம் கூடும், சாயங்காலம் கொறையும்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"தண்ணி மட்டம் காட்டணும்னீங்க, காட்டுது. யாரு எறக்குனாங்கன்னு காட்டச் சொல்லலையே."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அது தெரிந்தும் அள்ளிப் பார்க்கலாமென்று மறுநாளே பஸ் ஏறினாள். வழியெல்லாம் தங்கையையே நினைத்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் அக்கா தட்டிலிருந்து எடுத்துத் தின்றால்கூடச் சொல்லிவிட்டுத் தின்னும் பெண் அவள். அது ஏன் அன்றைக்கு ஞாபகம் வராமல் போனது?

மாடியில் ஒற்றை அறை. ஜன்னல் விளிம்பில் ஒரே ஒரு செடி. கதவைத் திறந்த தங்கை, "வாங்க" என்றாள். பிறந்ததிலிருந்து 'வாக்கா'தான், அந்த 'ங்க' அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். காற்று, அழுத்தம், மெக்கானிக் சொன்னது, எல்லாம். "நீ எடுக்கலடி. முள்ளே காட்டிருச்சு. என்னை மன்னிச்சுரு."

தங்கை ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"முள்ளு சொல்லித்தான் என்னைத் திருடின்னு சொன்ன. இப்பவும் முள்ளு சொல்லித்தான் இல்லைங்குற. நீயா எப்பக்கா சொல்லுவ?"

அக்கா சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாகமாகத்தான் இருந்தது. கை நீளவில்லை.