எமிலியானாக்காவின் வாக்கு

வெள்ளைப் பலகையில் நான் முதலில் என்ன வரைந்தேன் என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். அதிலும் எவ்வளவு பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதோ தெரியாது.

2007ஆம் ஆண்டு வசந்தம். இத்தாலியின் பலெர்மோ நகரில் மாநகரசபைத் தேர்தல். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் தேவாலயப் பங்கு மண்டபத்தில் வாக்களிக்கப் பழக்கும் வகுப்பு நடத்தினோம். இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் எங்கள் பங்கில் பதினொரு பேர். பதினைந்து, இருபது வருடமாக இந்த நகரத்து வீடுகளின் தரையைத் துடைத்தவர்கள். இங்கே ஒருவரும் அதுவரை வாக்களித்ததில்லை. தொழிற்சங்கத்தில் இருந்த ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை பேசுவார். நான் வாக்குச்சீட்டைப் பலகையில் எழுதிக் காட்டுவேன். கட்சிச் சின்னத்தின் மேல் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி, பக்கத்துக் கோட்டில் வேட்பாளரின் குடும்பப் பெயர். அவர்கள் அதைப் பார்த்துத் தாளில் எழுதிப் பழகுவார்கள்.

"உங்கட வாக்கை ஆரும் பாக்கேலாது," என்றார் அண்ணை. "உண்டியல்ல போடுறதை ஆரும் எட்டிப் பாக்கிறவையே? அதுமாதிரித்தான்."

"பாக்கிறவை அண்ணை. உங்கட மனிசிதான் முதல் ஆள்," என்றார் எமிலியானாக்கா. மண்டபம் முழுக்கச் சிரித்தது.

எமிலியானாக்கா மன்னார்ப் பக்கத்தவர். பொலிதேயாமா அரங்குக்கு அருகே ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் பதினாறு வருடமாக வேலை செய்தார். அவருடைய தங்கை கத்தரீனா மடுவுக்குப் பக்கத்தில் இருந்தாள்; சண்டை அந்தப் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை தருகிறேன் என்று இங்குள்ள ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் அவள் வர முடியும். அடுத்த முறை அரசாங்கம் விண்ணப்பம் கோரும்போது வைக்கிறேன் என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார். சிஞ்ஞோராவின் அக்கா மகன் அந்தத் தேர்தலில் நின்றான்; எமிலியானாக்காவின் வாக்கு அவனுக்குத்தான் என்று சிஞ்ஞோரா எதிர்பார்த்தார்.

ஒரு ஞாயிறு, கதிரைகளை அடுக்கும்போது எமிலியானாக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சிஞ்ஞோரா என்ர வாக்காளர் அட்டையை வாங்கிப் பாத்தவ, தம்பி. சாவடி நம்பரைக் கலண்டரில எழுதி வைச்சிருக்கிறா."

"எழுதட்டும் அக்கா. அவவால என்ன செய்யேலும்? நீங்கள் விரும்பின ஆளுக்குப் போடுங்கோ. கேட்டா அவருக்குத்தான் போட்டனான் எண்டு சொல்லுங்கோ."

அவர் கடைசிக் கதிரையை அடுக்கும்வரை நின்றார். ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த எண்ணிக்கை தனித்தனியாக வெளிவரும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததையும் கலண்டரில் எழுதிய அந்த இலக்கத்தையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை.

தேர்தல் முடிந்த அடுத்த கிழமை, நான் கோப்பை கழுவும் உணவகத்தின் பின்கதவுக்கு எமிலியானாக்கா வந்தார்.

"சைபராம் தம்பி. சிஞ்ஞோரா நாப்பது பேரிட்டைச் சொல்லி வைச்சவவாம், எல்லா இடத்திலயும் விழுந்திருக்காம். என்ர சாவடியில மட்டும் அந்தப் பெடியனுக்கு ஒண்டுமில்லையாம். நான் அவன்ர பேரைத்தான் எழுதினனான். கத்தரீனாவை நினைச்சுத்தான் எழுதினனான்."

நான் சிரித்தேன். கண்ணடித்தேன் என்றுகூட நினைக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்ததை என்னிடமே செய்து காட்டுகிறார் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன்.

"நல்ல வேலை செய்தீங்கள் அக்கா."

"நீயும் நம்பேல்லை," என்றார். ஈரக் கைகளோடு நான் நிற்க, அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

சிஞ்ஞோரா அவரை வேலையால் நிறுத்தவில்லை. மார்கழியில் விண்ணப்பம் கோரியபோது கையெழுத்து மட்டும் வைக்கவில்லை. வேறொரு வீட்டுக்காரரிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்டு இத்தாலிய மொழியில் கடிதம் எழுத வேண்டுமென்று எமிலியானாக்கா என் அறைக்கு வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதாக ஏற்பாடு. தாளை நேராக்கினார். நான் வாய் திறப்பதற்கு முன்பே பேனா தாளின் தலைப்புக்குப் போய் ஒரு சின்னச் சிலுவையைப் போட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். கடிதம், பரீட்சைத் தாள், கடைச் சாமான் துண்டு, எதை எழுதினாலும் முதலில் தலைப்பில் ஒரு சிலுவை.

வாக்குச்சீட்டில் வேண்டாத அடையாளம் எதுவும் இருந்தால் அதை நிராகரித்துவிடுவார்கள். தேர்தல் விதிகள் அடங்கிய சிறு புத்தகத்தை மண்டபத்துக்கு வாங்கி வந்தவனே நான்.

"என்ன தம்பி, பிழையே?"

"இல்லையக்கா. எழுதுங்கோ."

அந்தச் சாவடியில் நிராகரிக்கப்பட்டவை பதினேழு என்று பின்னர் தேடிப் பார்த்தேன். அவற்றில் ஒன்று அவருடையதா என்று எவரும் சொல்ல முடியாது. அன்று பலகையில் சீட்டை வரைவதற்கு முன் என் கையும் மேலே சிலுவை போட்டிருந்தால், அவர் என்னைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சிஞ்ஞோராவின் அக்கா மகன் எப்படியும் வென்றுவிட்டான். வகுப்பு பிறகு நடக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை பக்கத்து ஊரான பகேரியாவில் மகளோடு இருக்கிறார். எமிலியானாக்கா இன்னமும் அதே வீட்டில்தான் வேலை செய்கிறார். அடுத்த தேர்தலுக்கு அவர் போகவில்லை. கத்தரீனா கடைசியாகத் தொலைபேசியில் பேசியது இந்த வருடம், 2009 தை மாதம், புதுக்குடியிருப்பிலிருந்து. வைகாசியில் சண்டை முடிந்த பிறகும் ஒரு தகவலும் இல்லை. சிலுவையைப் பற்றி நான் எமிலியானாக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதை முதலில் எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். இதன் தலைப்பிலும் சிறிதாக ஒரு சிலுவை இருக்கிறது. போட்டதாக நினைவில்லை.