காய்க்காத சுரபுன்னைக்கு ஒரு வருஷத் தவணை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் கிரேசி. ஊதிப் பெருக்குவது நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சுனாமி ஓய்ந்த பிச்சாவரத்தில் அலைகள் சோகமாக...' அதோடு நிறுத்திவிட்டேன். பிச்சாவரம் உப்பங்கழி. அங்கே ஏது அலை? கிரேசி படித்தால் சிரிப்பாள்.

2

கிரேசி கடலூர்க்காரி. சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, கழிக்காட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய முனைவர் பட்டம் ஒரே ஒரு மரத்தை நம்பி இருக்கிறது. இரண்டு வகைச் சுரபுன்னைகள் கலந்து பிறந்த மரம். உப்பேறிய கோடையிலும் இலை வாடாது. பூக்கும், காய்க்காது.

[இங்கே கிரேசிக்குக் குழந்தை இல்லை என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். மரத்துக்கும் அவளுக்கும் பொருத்தம் பிரமாதமாக அமைந்தது. எனக்கே கூச்சமாகி நீக்கிவிட்டேன். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.]

கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். கடல் ஏறுகிறது, கழியில் உப்பு கூடுகிறது. ஓர் இனத்துக்கு இல்லாத தாங்கும் குணம் பக்கத்து இனத்திடம் இருக்கலாம். கலப்பு மரம் மறுபடி பெற்றோர் இனத்தோடு கலந்து காய்த்தால், அந்தக் குணம் வம்சத்துக்குள் வந்து சேரும். காய்க்காவிட்டால் அந்த மரத்தோடு சரி. 'இது காய்க்காது' என்பதுதான் கிரேசியின் ஆய்வேட்டு முடிவு.

3

2011. கழியில் வாய்க்கால் வெட்டும் காண்டிராக்ட் காடாம்புலியூர் சுப்பராயலுவுக்குக் கிடைத்தது. வளைவில் காய்க்காமல் நிற்கும் மரத்தை எடுக்கலாம் என்று ஓர் அலுவலகம் சொல்லியிருந்தது. (நான் கட்டிய அலுவலகம், தேடாதீர்கள்.)

சுப்பராயலுவுக்கு ஊரில் பலாத்தோப்பு. காய்க்காத பலாவுக்கு அங்கே ஒரு வைத்தியம் உண்டு. ஒருவர் அரிவாளை ஓங்கி மரத்தை மிரட்டுவார். இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்சி ஜாமீன் நிற்பார். சுரபுன்னைக்கும் அதே மரியாதை கிடைத்தது.

"காய்க்காத மரம் என்னாத்துக்கு? வெட்டிப்புடறேன்" என்று பட்டையில் ஒரு கொத்து போட்டார். பிறகு பதறி ஓடி வந்திருந்த கிரேசி பக்கம் திரும்பினார். "நீ கேளும்மா. யாராச்சும் கேட்டாதான் வுட முடியும்."

"இது காய்க்காது சார். நானே எழுதியிருக்கேன்."

"அப்ப வெட்டிரவா?"

கிரேசி மரத்தின் மேல் கை வைத்தாள். சடங்கில் சார் கிடையாது. "வேணாம் மாமா. வுட்டுடுங்க. அடுத்த வருஷம் காய்ச்சிடும்."

காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். இது காய்க்காமலேயே அடிபட்டு, பொய் ஜாமீனில் வெளியே வந்தது.

4

டிசம்பர் கடைசியில் தானே புயல். சுப்பராயலுவின் பலாத்தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. அவர் மிரட்டிக் காய்க்க வைத்த மரங்களும் அதில் அடக்கம். கிரேசியின் மரத்துக்குச் சேதம் இரண்டு கிளைதான்.

அவள் காடாம்புலியூருக்குத் துக்கம் விசாரிக்கப் போனாள். வேர் தெரியக் கிடந்த பலா ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"வருஷம் ஆவட்டும். அந்த மரத்த வந்து பாக்கறேன்" என்றார்.

மிரட்டினாரா, வேறு ஏதாவது சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

5

முடிவு ஒன்று: தவணை தீர்ந்தது, காய் இல்லை, அரிவாள் இறங்கியது. ஆய்வேடு ஜெயித்து, கிரேசி... எழுத மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: பக்கத்து மரத்துக் காயையும், அதைக் கிளையில் கட்ட நூலையும் பையில் ஒளித்துக்கொண்டு அவள் படகில் வருகிறாள். முதல் பொய்க்கு முட்டுக்கொடுக்க இரண்டாவது பொய். இதை எழுதிக்கொண்டே போனேன். படகு மரத்தடிக்கு வந்தது. அங்கே எனக்கு முன்பே சுப்பராயலு இன்னொரு படகில் உட்கார்ந்திருக்கிறார். கையில் அரிவாள் இல்லை.

கிளையில் ஒரு காய் தொங்குகிறது. முருங்கைக்காய் போல, நீளமாக, பச்சையாக.

"காய்ச்சிருச்சு போலருக்கே" என்கிறார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

காம்பில் அவர் கட்டிய நூல் இருந்தால் மரமும் பிழைத்தது, ஆய்வேடும் பிழைத்தது. இல்லாவிட்டால் அவள் எழுதியது அத்தனையும் தப்பு. ஆனால் ஏறி வரும் உப்பைத் தாங்க ஒரு வாரிசு பிறந்துவிட்டது. எது வேண்டும் என்று கிரேசியைக் கேட்டேன். தூக்கிய கையோடு நிற்கிறாள்.

படகில் உங்களுக்கும் இடமிருக்கிறது. நீங்களே காம்பைத் தொட்டுப் பாருங்கள். மெதுவாக. நிஜக் காயென்றால் உதிர்ந்துவிடும்.