வண்டி விழவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன் அவர். அவள் இறந்த மறுநாள், துக்கம் விசாரிக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அந்த வண்டிதாங்க எமன். அதுக்கடியில படுத்துக்கிட்டு நட்டு போல்ட்டோட மல்லுக்கட்டினா. பொம்பளைக்கு எதுக்குங்க அந்த வேலை? மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு."

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஓரமாக நின்ற வண்டியை ஒருமுறை முறைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். போகும்போது, எதிரே வந்தவர்களிடம் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் கதை வளர்ந்துவிட்டது. கடைசியாக வந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி மேல விழுந்து நசுங்கிடுச்சாமே" என்றார்.

நான் மெய்ப்பு பார்ப்பவன். அடுத்தவர் எழுதிய புத்தகங்களில் பிழை பொறுக்கிப் பிழைப்பவன். என் வீட்டு வாசலிலேயே, பல் டாக்டரான என் மனைவியைப் பற்றிய பிழையான பதிப்பு வந்தவர் கையிலெல்லாம் விநியோகமாகிக்கொண்டிருந்தது. திருத்த என்னிடம் சிவப்பு மை இருந்தது, தாள்தான் இல்லை.

இதோ தாள்.

இனி என்னை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் பேனா தாளைக் கிழிக்கிறது. துக்கத்தில் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கோபம்.

2

தொடக்கங்கள்:

"அன்று வானம் கறுத்து..."

இல்லை. அன்று நல்ல வெயில். வானத்துக்கு இந்தக் கதையில் வேலையே கிடையாது.

"கார் நிறுத்தும் கொட்டகையின் சிமெண்டுத் தரையில், பழைய போர்வையை விரித்து, பல் டாக்டர் மல்லாந்து படுத்திருந்தாள். அவளுக்கு மேலே வண்டி, ஸ்டாண்டுகளின் மேல் நின்றது."

இது உண்மை. ஆனால் இதைப் படித்த உடனே நீங்கள் ஜாக்கியைத் தேடுகிறீர்கள். எப்போது நழுவும் என்று காத்திருக்கிறீர்கள். மறுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகை ஆசிரியரும் இந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு அதைத்தான் தேடினார்.

"நழுவலியா?" என்றார் போனில்.

"இல்ல சார்."

"கொஞ்சம் நழுவட்டுமே. ஆள் தப்பிச்சிடட்டும், பரவாயில்ல. ஆனா ஒரு பதட்டம் வேணுமில்ல?"

என் மச்சானுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள். அவர் வாசலில் சொன்னார், இவர் அச்சில் சொல்லச் சொல்கிறார்.

ஜாக்கி நழுவாது. இந்தக் கதையில் எந்த இடத்திலும் நழுவாது. இப்போதே சொல்லிவிட்டேன். பதட்டம் வேண்டுபவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.

3

பல் டாக்டருக்கு வண்டிப் பித்து. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடப்பவளுக்கு, விடுமுறையில் கல்லும் மேடும் ஆற்றுமணலுமாக ஏதாவதொன்றில் ஏறி இறங்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டி ஒன்றைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். அந்த வண்டியில் அவனுக்குத் தெரிந்தது ஜன்னல் இறக்கும் பட்டன் மட்டும்.

ஷாக் அப்சார்பர் நான்கும் தேய்ந்து எண்ணெய் கசிய ஆரம்பித்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். அவள் ஏற்கெனவே படித்து, விசாரித்து, கரடுமுரடான பாதைக்கென்றே வேறொரு கம்பெனி செய்யும் கனத்த ஷாக்குகளை முடிவு செய்திருந்தாள். மெக்கானிக் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"சார், மேடம் சொல்ற வெளி ஷாக்கெல்லாம் வேணாம் சார். வண்டியோட வந்ததையே போட்டுடலாம்."

"வண்டி என்னோடது" என்றாள் அவள்.

"சரிங்க மேடம்." மறுபடியும் திரும்பி, "நீங்க என்ன சார் சொல்றீங்க?"

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் அவள் வெடித்தாள்.

"ஒரு ஆம்பளைக்குப் பல்லு புடுங்கறப்போ, அவன் பொண்டாட்டியப் பாத்து 'நீங்க என்ன சொல்றீங்க'ன்னு நான் கேட்டா எப்படி இருக்கும்? வாயைத் தொறந்துக்கிட்டு அவன் சும்மா கெடப்பானா?"

"இப்ப என்ன பண்றது?"

"நானே மாட்டறேன். நாலு ஷாக், ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு போல்ட், கீழ ஒரு போல்ட். கடைவாய்ப் பல்லை விடவா கஷ்டம்?"

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் மென்மையாக எழுதலாமா என்று யோசித்தேன். இறந்தவர்களை மென்மையாக்குவது எளிது, அவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள். ஆனால் இவள் பேசுவாள் போலிருக்கிறது. விட்டுவிட்டேன்.)

4

முன்பக்கத்து இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினாள். ஸ்டாண்டுகளை வைத்துவிட்டு, வண்டியைத் தோளால் இடித்துப் பார்த்தாள். பிறகு அவனையும் இடிக்கச் சொன்னாள்.

"விழறதா இருந்தா இப்பவே விழட்டும். அப்புறம்தான் நான் அடியில போவேன்."

விழவில்லை. (அடிக்கோடு என்னுடையது, அச்சில் வராவிட்டால் மனதுக்குள் போட்டுக்கொள்ளவும்.)

துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் அடித்துவிட்டு அது ஊறும்வரை காத்திருந்தாள். பிறகு நோயாளியிடம் பேசும் குரலில் அதனிடம் பேசினாள்: "அவ்ளோதான்... இன்னும் கொஞ்சம்... பயப்படாதீங்க, வலிக்காது." அவன் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தான்.

"பதினேழு கேட்டா பத்தொம்பது தர்றீங்களே, புத்தகத்துல எப்படிங்க பிழை கண்டுபுடிக்கிறீங்க?"

"எழுத்துதான் டாக்டரம்மா எனக்கு. எண் இல்ல."

வேலை முடிந்து, குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். பின்பக்கத்து இரண்டும் அடுத்த ஞாயிற்றுக்கு என்று பெட்டியிலேயே இருந்தன.

அந்த ஞாயிறு வருவதற்குள், ஒரு வியாழக்கிழமை, தன் மருத்துவமனையில், ஒரு நோயாளியிடம் "கொப்பளிச்சுத் துப்புங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் சரிந்தாள். அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை உட்காரவைத்துச் சொன்னார்: "மூளை ரத்தக்குழாய்ல, பிறவியிலேயே மெலிஞ்சுபோன ஒரு இடம். தூக்கத்துல ஆகியிருக்கலாம், தும்மும்போது ஆகியிருக்கலாம். எதனாலன்னு தேடாதீங்க, கெடைக்காது."

தேடாதீங்க என்று படித்தவர் ஒருவர் சொல்லியும், தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். அவள் சரிந்தது பல் நாற்காலியின் பக்கத்தில். அந்த நாற்காலிதான் எமன் என்று யாராவது சொன்னார்களா? அதை விற்றுவிடு என்றார்களா? கொப்பளிக்கும் தண்ணீரை யாராவது முறைத்தார்களா? இல்லை. பல் பிடுங்குவது பெண் செய்யக்கூடிய வேலை. அதனால் அது நிரபராதி. நட்டு கழற்றுவது அவள் செய்யக்கூடாத வேலை. அதனால் குற்றவாளி அது; அதோடு சேர்ந்து அவளும்.

5

மச்சானை வில்லனாக எழுதிப் பார்த்தேன். மீசையைப் பெரிதாக்கினேன். குரலைக் கனமாக்கினேன். ஒட்டவில்லை. மயானத்திலிருந்து திரும்பியதும் கொல்லைப்புறத்தில் தனியாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியவர் அவர். தங்கைக்குச் சும்மா இப்படி ஆகிவிட்டது என்று ஏற்க அவரால் முடியவில்லை. அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

தேவைப்பட்டால்? என் மனைவியின் பெயரிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

[இதற்குப் பின் நான்கு வரிகள் இருந்தன. மச்சான் இதைப் படிக்கக்கூடும் என்பதற்காக நீக்கவில்லை. வசவு நீளமாகிவிட்டது, அதனால்தான் நீக்கினேன்.]

அவர் சொன்னதை வாசலில் வந்தவர்கள் நம்பியது போகட்டும். மகள் நம்பினாள். அதுதான் அவனைத் தூங்கவிடாமல் அடித்தது. கல்லூரி விடுதியிலிருந்து வந்தவள், வண்டி நிற்கும் பக்கமே போகவில்லை. தெருவுக்குப் போகப் பின்வாசலைப் பயன்படுத்தினாள்.

"நீங்க தடுத்திருக்கலாம்பா" என்றாள் ஒருநாள். குரலை உயர்த்தவில்லை.

டாக்டர் சொன்னதை அவன் சொன்னான்.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. மாமா சொல்றதுல என்ன தப்பு?"

மச்சான் வண்டியை வாங்க ஒரு ஆளையும் பிடித்துவிட்டார். "ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வர்றேன் மாப்ள. சாவு வண்டி வீட்டுல நிக்கக்கூடாது."

வண்டி போவதைப் பற்றி அவனுக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு ஓட்டவே தெரியாது. ஆனால் அந்தப் பட்டப்பெயரோடு அது வாசலைத் தாண்டினால், மகள் வாழ்நாள் முழுக்கத் தன் அம்மாவை ஒரு முட்டாள்தனத்தால் செத்தவளாக நினைத்துக்கொண்டிருப்பாள். அதற்கு அவன் சம்மதிக்க மாட்டான்.

சனிக்கிழமை காலை, பின்பக்கத்து ஷாக்குகளின் பெட்டியைத் திறந்தான்.

6

அவன் வண்டியைத் தூக்கியதையும், ஸ்டாண்டு வைத்ததையும், தோளால் இடித்ததையும், சக்கரங்களைக் கழற்றியதையும், பழைய ஷாக்குகளோடு மதியம்வரை போராடியதையும் விவரிக்கப்போவதில்லை. நீங்கள் இன்னும் ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அவன் செய்த தவறைச் சொல்கிறேன். புது ஷாக்கை அமுக்கிக் குறுக்கி, ஒரு நைலான் பட்டையால் கட்டி அனுப்புகிறார்கள். அதன் இடத்தில் பொருத்திய பிறகுதான் பட்டையை அறுக்க வேண்டும். மெய்ப்பு பார்ப்பவனுக்கு அது பார்சல் கட்டாகத் தெரிந்தது. இரண்டிலும் கத்தரிக்கோலை வைத்தான். உள்ளே இருக்கும் வாயு தள்ள, இரண்டும் சோம்பல் முறிப்பதுபோல மெல்ல நீண்டன. நீண்டது வண்டிக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் நுழையவில்லை.

ஒன்றைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு கையையும் ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினான். இறங்கியது. கையை எடுத்தான். பழையபடி எழுந்து நின்றது. மறுபடி அமுக்கினான். மறுபடி எழுந்தது.

கொட்டகைப் பக்கம் திறக்கும் சமையலறைக் கதவருகில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"என்னப்பா, அதுக்கு நெஞ்ச அமுக்கி முதலுதவி பண்றீங்களா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் ஷாக்கின் மேல் கவிழ்ந்தபடியே இருந்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பயந்து ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் இரண்டும்தான்.

"நான் அடியிலெல்லாம் வரமாட்டேன்" என்றாள்.

"வேணாம். சக்கரம் இல்ல, பக்கத்துலேர்ந்தே எட்டும். மேல் போல்ட்ட மொதல்ல போட்டுடறேன். நான் அமுக்கிப் புடிச்சுக்கறேன், நீ கீழ் போல்ட்ட உள்ள தள்ளு."

முதல் முறை நழுவியது. (ஷாக்தான். ஜாக்கி அல்ல.) இரண்டாம் முறை அவன் விரல் மாட்டிக்கொண்டது. மூன்றாம் முறை போல்ட் உள்ளே போனது. அடுத்த பக்கம் எளிதாகவே முடிந்தது. நட்டைப் போட்டுவிட்டு இறுக்குவதற்காக அவன் ஸ்பானரை எடுத்தான்.

"இப்ப இறுக்காதீங்க" என்றாள் மகள்.

"ஏன்?"

"அச்சு கீழ தொங்குது பாருங்க. இப்படியே இறுக்கிட்டா உள்ள இருக்கற ரப்பர், வண்டி எறங்கினதும் முறுக்கிக்கிட்டே கெடக்கும். சீக்கிரம் கிழிஞ்சிடும். சக்கரத்த மாட்டி, கீழ எறக்கி, பாரம் உக்காந்த பெறகுதான் கடைசி இறுக்கு."

"உனக்கு யாரு சொன்னா?"

"அம்மா."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எப்போ?"

"முன்னாடி ரெண்டும் மாட்டின அன்னிக்கு, ஹாஸ்டலுக்குப் போன் பண்ணாங்க. எனக்கு மறுநாள் பரீட்சை. படிக்கணும்மான்னு கெஞ்சறேன், விடவே இல்ல. ரப்பரப் பத்தி ஒரு பாடம். அப்புறம் நீங்க பத்தொம்பது குடுத்த கதை. உங்க குரல்லயே பேசிக் காட்டினாங்க." நிறுத்தினாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தாம்ப்பா இருந்தாங்க. அவ்ளோ சிரிச்சாங்க."

அவன் எழுந்து போய் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான். ஏதாவது சொல்லியிருந்தால் கெடுத்திருப்பான்.

சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார்கள். ஸ்பானரை அவள் எடுத்துக்கொண்டாள். போர்வையை இழுத்துப் போட்டு, வரமாட்டேன் என்று சொன்ன இடத்துக்குள் முதுகால் நகர்ந்து போனாள்.

(பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும் என்பதில் ஏதோ வாழ்க்கைத் தத்துவம் இருப்பதாகச் சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ரப்பர் ரப்பர்தான்.)

7

முடிவுகள்:

அ. மகள் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறுகிறாள். பக்கத்தில் அப்பா கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்.

அழகாக இருக்கிறது. நடக்கவில்லை.

ஆ. மச்சான் வருகிறார், உண்மையை உணர்கிறார், தங்கையின் படத்தின் முன்...

மன்னிக்கவும். இதை முடிக்க என் கை மறுக்கிறது.

இ. நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. மகள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாங்கறவரோட கெளம்பிட்டேம்மா. வண்டியக் கழுவி வெக்கச் சொல்லு அப்பாவ."

"மாமா, ஒண்ணு கேக்கணும். வண்டி அம்மா மேல விழுந்துச்சுன்னு தெருவுல பேசிக்கறாங்க. நீங்க சொன்னீங்களா?"

"நான் எப்படா அப்படிச் சொன்னேன்? நான் சொன்னது வேற. எவனாவது கண்ணு காது வெச்சு..."

"நீங்க சொன்னதும் நடக்கல மாமா."

அவள் ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக, வண்டியை ஒட்டி நடந்து தெருவுக்குப் போனாள். வெகுநேரம் பேசினாள். ஒரு கை மட்டும் ஆடியது. அவள் அம்மாவின் கைதான் அது என்று எழுத ஆசை. அவளுடைய கைதான்.

என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவளிடம் கேட்டேன். "அது எனக்கும் மாமாவுக்கும்" என்றாள். நான் கற்பனை செய்து எழுதலாம். இது கதை, யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் மூலத்தில் இல்லாத வரியைச் சேர்ப்பதைத்தானே என் வாசலில் எல்லாரும் செய்தார்கள்.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. பெருந்தன்மையாகக் கொடுக்கவில்லை; உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். என்றைக்காவது ஒரு பேருந்திலோ, ஏதோ ஒரு வரிசையில் நிற்கும்போதோ, பக்கத்தில் ஒருவர் ஆரம்பிப்பார்: "ஒரு பல் டாக்டரம்மா, வண்டி மேல விழுந்து செத்துட்டாங்களாம், தெரியுமா?" சுவையாகத்தான் சொல்வார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் அங்கே நீங்களாக இருப்பீர்கள். உங்கள் நிறுத்தம் வேறு வந்துகொண்டிருக்கும்.

அங்கே நீங்கள் சொல்வதோ, சொல்லாமல் இறங்கிப்போவதோ, அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி.