கண்ணகி வூட்டு ஷூட்டிங்

எங்கள் தெருவில் முதன்முதலாகப் படித்து டீச்சரான அனுஷாவைப் படம் எடுக்க மெட்ராஸிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றதும், அவள் அம்மா கண்ணகி உத்திரமேரூர் போய் சீரியல் செட் லைட்டு வாடகைக்கு எடுத்து வந்துவிட்டாள். கேமரா என்றால் அவளுக்குத் தெரிந்தது கல்யாண வீடியோதான். வாசலில் வாழைமரம் வேறு. பட்டுப்புடவையில் நின்றவளைப் பார்த்ததும் டைரக்டருக்கு முகம் தொங்கிப்போச்சு.

“இது டாக்குமென்டரிம்மா. நீங்க பட்ட கஷ்டத்தைக் காட்டணும். பழைய புடவை கட்டிக்கிட்டு அந்தக் கொட்டகையில உக்காருங்க. அதை உங்க பழைய வீடுன்னு காட்டிடலாம்.”

அவர் கைகாட்டியது பக்கத்து வீட்டுக்காரியான என் ஆட்டுக் கொட்டகை. சும்மா இருப்பேனா? படத்துக்காகக் கொட்டகையைக் காலி பண்ண, ஆடுகளை அவிழ்க்க ஓடினேன்.

“இன்னா சார் பேசற?” என்றாள் கண்ணகி. “எங்க குடிசை சாணி மெழுகிப் பளிச்சுனு இருக்கும். இவ ஆட்டு நாத்தத்துல என் பொண்ணு அ, ஆ படிச்சான்னு ஊருக்குக் காட்டுவியா? அப்டின்னா படமே வாணாம், கெளம்பு.”

அனுஷா வாயைப் பொத்திச் சிரித்தாள். டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டே வாழைமரத்துக்கு எதிரில் கேமராவை வைத்து, “பொண்ணை எப்படிம்மா படிக்க வெச்சீங்க?” என்றார்.

கண்ணகி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். கேமராவில் பேட்டரி தீரும்வரை நிறுத்தவேயில்லை.